புழுங்கலரிசியும் பெரிபெரியும்
மலாயாத் தமிழர் உணவு வரலாற்றில் ஓர் ஏடு

கிள்ளான் நகருக்கும் அதன் துறைமுகத்துக்கும் இடையே அமைந்த ஊர் பண்டமாரான். அவசரகாலத்தில், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீனக் குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காக எழுந்த புதுக்கிராமம் இங்கே உண்டு. ரப்பர்த் தோட்டங்களை விட்டுப் பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இதன் சுற்றுப்புறத்தில் வாழ்கின்றன. இன்று இவ்வட்டாரத்துக் கடைகளில் சீனரும் தமிழரும் வாங்கிச் செல்லும் அரிசிப் பை பெரும்பாலும் ஒன்றே. நன்கு தீட்டிய வெள்ளையரிசி. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. அன்று இவ்விரு மக்களின் பானைகளில் வெந்தவை இருவேறு அரிசிகள். அவ்வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடாக இருந்தது.

அதனை ஆராயப் புகுந்த மருத்துவர்கள் கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் கண்டறிந்த உண்மை, உணவில் நுண்ணிய உயிர்ச்சத்துகள் உண்டு என்னும் கொள்கை உலகில் வேரூன்றுவதற்குத் துணைநின்றவற்றுள் ஒன்றாகும். அந்த வரலாற்றில் தமிழர் பெற்ற இடம் யாது, அது நமக்கு இன்று உணர்த்துவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகத்தில் இறங்கிய இருவகை அரிசி

சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 இல் திறக்கப்பட்டது. 1972 முதல் அதனைக் கிள்ளான் துறைமுகம் என வழங்குகிறோம். தமிழ்த் தொழிலாளர் இந்நாட்டில் கால்வைத்த வாயில்களுள் அதுவும் ஒன்று. ஆள் வந்ததுபோலவே அரிசியும் கப்பலில் வந்தது. ஈயச் சுரங்கங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த பல்லாயிரவரை ஊட்டுவதற்கு உள்நாட்டு விளைச்சல் போதவில்லை.

சீனச் சுரங்கத் தொழிலாளர் உண்டது சியாமிலிருந்து வந்த வெள்ளையரிசி. நீராவி ஆலைகளில் உமியும் தவிடும் முளையும் முற்றும் நீங்கத் தீட்டப்பெற்றது அது. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. மலாய்க் குடியானவரோ தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது வேண்டுமளவு உரலில் குத்தி உண்டனர்.

இம்மூவருள் சீனரையே பெரிபெரி என்னும் நோய் பெரிதும் தாக்கியது. முதலிற் கால் மரத்துப்போகும், நடை தளரும், பின்னர்க் காலும் உடலும் வீங்கும், இறுதியில் இதயம் சோர்ந்து உயிர் போகும். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர் சில திங்களுக்குள் எழுந்து நிற்க இயலாது கிடந்து மாண்டனர். சுரங்கம், சிறை, மருத்துவமனை எனப் பலர் கூடி உண்ணும் இடமெல்லாம் இந்நோய் குடிகொண்டிருந்தது.

இதன் காரணம் பற்றிப் பல கருத்துகள் உலவின. தொற்றுநோய் என்றனர் சிலர். மண்ணிலிருந்தும் ஈரக் கட்டடங்களிலிருந்தும் எழும் நச்சு என்றனர் சிலர். இன்ன இனத்தார்க்கு இது இயல்பு என்று இனத்தின்மேல் ஏற்றியவரும் உளர். நோய்க்குக் கிருமியே காரணம் என்னும் புதிய அறிவு ஐரோப்பாவில் வெற்றிக்கொடி நாட்டியிருந்த காலம் அது. ஆதலின் உண்ணும் சோற்றின்மேல் ஐயம் கொள்ளுதல் எளிதாக இல்லை.

எனினும் சிலர் அவ்வழியிற் சென்றிருந்தனர். சப்பானியக் கடற்படையின் மருத்துவர் தக்காக்கி, 1880களில் மாலுமிகளின் உணவை மாற்றியே இந்நோயைக் கட்டுப்படுத்தினார். சாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறியதையும் கண்டார். ஆயினும் மனிதரிடத்து ஐயமற நிறுவும் சான்று வேண்டியிருந்தது. அச்சான்று மலாயாவிற் கிடைத்தது.

பிராடன் கண்ட ஒப்புமை

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த லெனார்ட் பிராடன், மூவினத்தாரும் ஒரே வெயிலில், ஒரே மழையில், பல இடங்களில் ஒரே ஊரில் வாழ்வதை நோக்கினார். காற்றும் நீரும் பொதுவாயிருக்க, நோய் மட்டும் ஒருவரைத் தாக்கி ஒருவரை விடுவானேன் என்று வினவினார். பிரிந்து நின்றது அரிசி ஒன்றே எனக் கண்டார். தமிழர் உண்ட புழுங்கலரிசி காப்பாகவும் சியாமிய வெள்ளையரிசி கேடாகவும் இருப்பதை விரித்துரைத்து, 1907 இல் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார்.

காரணத்தை விளக்கியதில் அவர் தவறினார். சேமிப்பிலிருக்கும் வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு விளைகிறது என்பது அவர் கொள்கை. உண்மையில் வெள்ளையரிசியில் இருந்த நஞ்சு எதுவும் நோயை விளைக்கவில்லை. இருக்கவேண்டிய ஒரு பொருள் இல்லாமற் போனதே நோயை விளைத்தது. எனினும் அவர் காட்டிய மருந்து சரியான மருந்து. காரணம் பிழைத்தும் காரியம் பிழையாத இத்தகைய நிகழ்ச்சிகள் அறிவியல் வரலாற்றில் அரியன அல்ல.

கோலாலம்பூர் மனையில் ஒரு சோதனை

கோலாலம்பூர் மனநோயாளர் மனையில் 1905 இல் பெரிபெரி பெருகிற்று. அங்கு மருத்துவராயிருந்த வில்லியம் பிளெட்சர், அரிசிக் கொள்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். மனையிலிருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பகுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பகுதியிலும் தங்கச் செய்தார். ஒரு சாரார்க்கு வெள்ளையரிசிச் சோறு. மறு சாரார்க்குப் புழுங்கலரிசிச் சோறு. கட்டடமே நோய்க்குக் காரணமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு சாராரின் இருப்பிடங்களையும் மாற்றினார், உணவை மாற்றவில்லை.

1905 டிசம்பர் முதல் 1906 இறுதிவரை சோதனை நடைபெற்றது. வெள்ளையரிசி உண்டோர் 120 பேர். அவர்களுள் 30க்கும் மேற்பட்டோரைப் பெரிபெரி பற்றியது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் 123 பேர். அவர்களுள் நோயுற்றிருந்தோர் இருவரே. அவ்விருவரும் மனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். இப்பகுதியில் பெரிபெரியால் மாண்டவர் எவருமிலர்.

இவ்வெண்களை நாம் வெறும் கணக்காகப் படித்துச் செல்லுதல் ஆகாது. தம் இசைவைக் கூறவும் மறுக்கவும் இயலாத நோயாளிகளைக் கொண்டு நடத்திய சோதனை இது. இன்றைய மருத்துவ நெறி இதனை ஏற்காது. அந்தப் பதினெண்மரின் சாவின்மீது எழுந்த அறிவே பின்னர்ப் பல்லாயிரவரைக் காத்தது என்பதை நன்றியோடும் வருத்தத்தோடும் நினைத்தல் தகும்.

டுரியான் திப்பூஸ் காட்டில்

கோலாலம்பூரில் 1900 இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டான்டன் என்னும் இருவர் இச்சோதனையை மேலும் கொண்டு சென்றனர். நெகிரி செம்பிலானில் டுரியான் திப்பூஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை அமைக்கும் வேலைக்கு வந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. மனிதர் குடியிருந்திராத புதுக்காடு ஆகையால், பழைய கட்டடத்தின் நச்சு என்றோ ஊரிற் பரவிய தொற்று என்றோ கூற இடமில்லை.

மூன்று திங்கள் அளவில் வெள்ளையரிசி உண்ட கூட்டத்தில் பெரிபெரி தோன்றியது. அவர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்ததும் நோய் நின்றது. அரிசியை மாற்றி மறு கூட்டத்துக்கு வெள்ளையரிசி கொடுத்தபோது, நலமாயிருந்த அவர்களிடையே நோய் தலைகாட்டியது. நோயுற்றோருடன் நெருங்கிப் பழகிய பிறர் நோயின்றி இருந்ததால் தொற்று என்னும் கருத்தும் வீழ்ந்தது. இதன் முடிவுகள் 1909 இல் லான்செட் இதழில் வெளிவந்தன.

பின்னர் அவ்விருவரும் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, காக்கும் பொருள் அரிசியின் மேற்புறத் தவிட்டில் உள்ளது என்றும், சாராயத்தில் அதனைக் கரைத்துப் பிரிக்கலாம் என்றும் காட்டினர். எந்த அரிசி நல்லது, எது தீயது என்று அறிய ஓர் உரைகல்லையும் வகுத்தனர்: பாஸ்பரசு ஆக்சைடின் அளவு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அவ்வரிசி மிகையாகத் தீட்டப்பெற்றது என்பது அவ்வளவை. 1910 இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பநாட்டு மருத்துவச் சங்கத்தின் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என ஏற்றது.

அந்த நுண்பொருளைத் தூய நிலையிற் பிரித்தெடுக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1912 இல் காசிமிர் பங்க் என்பார் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பெயரிட்டார். 1926 இல் சாவாவில் யான்சன், டொனாத் ஆகியோர் பெரிபெரியைத் தடுக்கும் பொருளைப் படிகமாகப் பெற்றனர். 1936 இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் அதனைச் செயற்கையாக ஆக்கினார். தயமின் அல்லது வைட்டமின் பி1 என்பது அதுவே. வில்லியம்ஸ் பிறந்த ஊர் அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர் என்பது நமக்குச் சுவைதரும் செய்தி.

புழுக்குதலின் பயன்

புழுங்கு, புழுக்கு, புழுக்கம் எனத் தமிழில் ஒரு சொற்குடும்பம் உண்டு. வெயிற்காலத்து இறுக்கத்தைப் புழுக்கம் என்கிறோம். நெல்லை நீரில் ஊறவைத்து ஆவியில் அவிப்பதைப் புழுக்குதல் என்கிறோம். அவித்த நெல்லைக் களத்தில் உலர்த்திக் குத்தினாற் கிடைப்பது புழுங்கலரிசி.

நெல் ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே செல்கிறது. வெப்பத்தால் மாவுப்பொருள் இறுகும்போது அதுவும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. அரிசியைப் பலமுறை கழுவிக் கஞ்சியை வடித்தாலும் பச்சரிசியில் நேரும் அளவுக்கு இழப்பு நேர்வதில்லை.

இதனை அறிந்து தமிழ்ப் பெண்கள் நெல் அவித்தார்களோ என்றால், இல்லை. அவித்த நெல் எளிதில் உமி நீங்கும், அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது, இவையே அவர்கள் கண்ட பயன்கள். உயிர்ச்சத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது உண்மைக்குப் பொருந்தாது. ஆயினும் நற்பழக்கம் ஒன்றைக் கைவிடாது காத்தமைக்குரிய சிறப்பு அவர்களுடையதே. மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. நெல் அவித்த கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உயிரணுவின் அடுப்பு

தயமின் நம் உடலில் ஆற்றும் பணி யாது என்பது 1930களில் தெளிவாகத் தொடங்கியது. ஆக்ஸ்போர்டில் ருடால்ப் பீட்டர்ஸ், தயமின் குறைந்த புறாக்களின் மூளையில் சர்க்கரை முழுதும் எரியாது பாதிவழியில் பைருவிக் அமிலமாகத் தேங்கி நிற்பதைக் கண்டார். 1937 இல் லோமன், சூஸ்டர் ஆகியோர், தயமின் பாஸ்பேட்டுடன் கூடி ஒரு துணைநொதியாக இயங்குவதை நிறுவினர்.

ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் மைட்டோகாண்டிரியா எனப்படும் இழைமணிகள் உள்ளன. அவற்றை உயிரணுவின் அடுப்பு என்று கூறலாம். சோறு செரித்துச் சர்க்கரையாகி, சர்க்கரை பைருவிக் அமிலமாகி, அவ்வமிலம் இவ்வடுப்பினுள் நுழைந்து எரியும்போதுதான் உடலுக்கு வேண்டிய ஆற்றல் நிரம்பக் கிடைக்கிறது. பைருவிக் அமிலத்தை அடுப்பிலிடும் நொதிக்குத் தயமின் இன்றியமையாதது. அது இல்லையேல் விறகு வாயிலிற் குவிந்து கிடக்க அடுப்பு அணைந்துபோகும். ஓயாது உழைக்கும் இதயமும், சர்க்கரையையே பெரிதும் நம்பியிருக்கும் நரம்பும் முதலிற் கெடுவது இதனாலேதான்.

வயிறு நிறைய உண்டும் சுரங்கத் தொழிலாளர் மாண்டதன் மருமமும் இதுவே. சோறு மிகுந்தால் எரிக்கவேண்டிய சர்க்கரையும் மிகும்; அதற்கு வேண்டிய தயமினும் மிகும். நம் உடலிலுள்ள தயமின் மொத்தம் 30 மில்லிகிராம் அளவினதே. அது சில வாரங்களில் தீர்ந்துவிடும். நாள்தோறும் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் உணவின் வழியே வந்தாகவேண்டும்.

காப்பு இருந்த இடம்

தமிழர்க்குப் பெரிபெரி வாராது என்று அக்காலத்தார் சிலர் கருதியிருக்கலாம். அக்கருத்து எத்துணைப் பிழை என்பதை இரண்டு செய்திகள் காட்டும்.

முதலாவது, தாய்நாட்டுச் செய்தி. சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிற் புழுங்கலரிசியே பெருவழக்கு. அங்கே பெரிபெரி அரிது. அதே மாகாணத்தின் வடபால், ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையிலே தீட்டிய பச்சரிசி வழக்கு. அங்கே பெரிபெரி நிலைத்திருந்தது. குன்னூர் உணவாராய்ச்சிக் கூடத்தில் மெக்காரிசனும் அவருக்குப்பின் ஐக்ராய்டும் இதனை ஆராய்ந்தனர்.

இரண்டாவது, நம் நெஞ்சைப் பிளக்கும் செய்தி. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்ட காலத்தில், சியாம்–பர்மா மரண இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே அவர்களுக்குக் கிடைத்த உணவின் பெரும்பகுதி தீட்டிய வெள்ளையரிசி. வாந்திபேதியும் மலேரியாவும் கொன்றவர் போக, பெரிபெரியாலும் மக்கள் மாண்டனர். முந்திய தலைமுறையில் எந்த நோய் தமிழரை அணுகாதிருந்ததோ, அந்த நோயே அவர்தம் மக்களையும் பேரரையும் அக்காட்டில் வீழ்த்தியது. குருதி மாறவில்லை, குலம் மாறவில்லை, பானையில் வெந்த அரிசி மாறியது. காப்பு இருந்த இடம் அந்தப் பானைதான் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

பழுப்புக் கொழுப்பு

இனி இந்த வரலாறு இன்றைய ஆராய்ச்சியோடு சென்று சேரும் இடத்தைக் காண்போம். நம் உடலிற் கொழுப்பு இருவகைப்படும். வெண்கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைப்பது. பழுப்புக் கொழுப்போ அதனை எரித்து வெப்பமாக்குவது. அதன் உயிரணுக்களில் இழைமணிகள் செறிந்திருப்பதும், அவ்விழைமணிகளிலுள்ள இரும்புமே அப்பழுப்பு நிறத்துக்குக் காரணம். 1551 இல் சுவிட்சர்லாந்து அறிஞர் கெஸ்னர் இதனை மலையணில் வகையொன்றில் முதன்முதற் குறித்தார். பச்சிளங்குழந்தைகளிடம் இது மிகுதி. வளர்ந்தோரிடத்தும் கழுத்து, தோள் பகுதிகளில் இயங்கும் நிலையில் உண்டு என்பதை 2009 இல் வெளிவந்த ஆய்வுகள் நிறுவின.

உணவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, எலிகளைக் கொண்டு இங்கிலாந்தில் ரோத்வெல், ஸ்டாக் ஆகியோர் 1979 இல் வெளியிட்ட ஆய்வால் பெரிதும் கவனம் பெற்றது. சுவையான பல பண்டங்களை மிகுதியாகத் தின்ற எலிகள், மிஞ்சிய ஆற்றலின் ஒரு பகுதியைப் பழுப்புக் கொழுப்பில் வெப்பமாக எரித்துவிடக் கண்டனர். 2023 இல் ஹங்கேரி நாட்டு டெப்ரெட்சன் பல்கலைக்கழகத்தார், மனிதக் கழுத்துக் கொழுப்பிலிருந்து வளர்த்த உயிரணுக்களை ஆராய்ந்து, அவை முழு ஆற்றலோடு வெப்பம் விளைவிக்கத் தயமின் நிரம்ப வேண்டும் என்று காட்டினர். பிரேசரும் ஸ்டான்டனும் தவிட்டிலே தேடிய அதே பொருள் இப்புதிய அடுப்புக்கும் வேண்டப்படுகிறது.

இதைக்கொண்டு புழுங்கலரிசி உடற்பருமனைத் தீர்க்கும் மருந்து என்று எவரும் முடிவு கட்டலாகாது. ஆய்வுக் கிண்ணத்தில் வளர்ந்த உயிரணு வேறு, மனிதன் வேறு. ஆயினும் நெதர்லாந்தில் 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் கருத்துக்கு உரியது. அங்கு வாழும் தெற்காசிய வழிவந்த இளைஞரிடம், ஐரோப்பிய இளைஞரைவிடப் பழுப்புக் கொழுப்பின் அளவு குறைந்திருந்தது. சிறிய ஆய்வேயாயினும், மிகையான உணவை எரித்துத் தள்ளும் வசதி நமக்குக் குறைவாயிருக்கலாம் என அது எச்சரிக்கிறது.

மலேசியாவின் 2019 ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, வளர்ந்தோருள் நீரிழிவு உடையோர் 18.3 விழுக்காட்டினர், இந்தியருள் மட்டும் 31.4 விழுக்காட்டினர். பெரிபெரி இல்லாமையால் வந்த நோய். நீரிழிவோ பெரும்பாலும் மிகையால் வருவது. இரண்டையும் ஒன்றெனக் கூற இயலாது. ஆனால் மீண்டும் ஒருமுறை, ‘இது இந்தியர் நோய்’ என்று இனத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கைகட்டியிருக்கும் மனப்பான்மை தோன்றக் காண்கிறோம். உடலமைப்பில் ஓரளவு நாட்டம் இருக்கலாம். ஆயின் நாள்தோறும் நம் தட்டில் விழுவது நம் கையில் உள்ளது. இனிப்புத் தேநீரும், மலையெனக் குவித்த வெண்சோறும், உழைப்புக் குறைந்த வாழ்வும் குருதியோடு வந்தவை அல்ல.

தமிழாசிரியர்கள் வகுப்பில் பச்சரிசி, புழுங்கலரிசி என்னும் சொற்களை விளக்கும்போது, கோலாலம்பூரில் 1906 இல் நடந்ததையும், டுரியான் திப்பூஸ் காட்டில் நடந்ததையும், மரண இரயில் பாதையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். பிறகு ஒவ்வொரு மாணவனையும், உன் பாட்டி வீட்டில் வெந்த அரிசி எது, இன்று உன் வீட்டில் வேகும் அரிசி எது என்று கேட்டுவரச் செய்யலாம். பண்டமாரான் போன்ற ஊர்களில் சீன மாணவரும் தமிழ் மாணவரும் கொண்டுவரும் விடைகளை ஒரே தாளில் எழுதி வைத்தால், இந்நாட்டு வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பக்கம் எழுதப்பட்டுவிடும்.